அங்கோரா கம்பளி: முயல், ஆடு, பூனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அங்கோரா என்றால் முயலா, ஆடா?

இரண்டும்தான். போதாக்குறைக்கு ஒரு பூனையும் உண்டு. துருக்கியின் இன்றைய தலைநகரான அங்காராவை வெளிநாட்டார் நெடுங்காலம் அங்கோரா என்றே எழுதிவந்தார்கள். 1930இல்தான் துருக்கி அரசு, 'இனி அங்காரா என்றே எழுதவும்' என்று கறாராகச் சொன்னது. ஊரின் பெயர் மாறினாலும் விலங்குகளோடு பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நீளமான பட்டுப்போன்ற முடி உள்ள வெள்ளாடு, முயல், பூனை மூன்றுமே அங்கோராதான்.

கடையில் குழப்பம் வரும் இடம் வேறு. அங்கோரா ஆட்டின் முடிக்கு மொஹேர் என்று பெயர். துணிக்கடைச் சீட்டில் 'அங்கோரா' என்று இருந்தால் அது முயல் முடி. ஆக, அங்கோரா ஆட்டிலிருந்து அங்கோரா கம்பளி வருவதில்லை! பூனை முடியை யாரும் தொழிலாக நூற்பதில்லை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முயலைப் பற்றித்தான் பேசப்போகிறோம். நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவதும் அதைப் பற்றித்தான்.

மற்ற முயல்களுக்கு இல்லாத நீள முடி இவற்றுக்கு மட்டும் எப்படி?

எந்த விலங்கின் முடியும் கொஞ்சகாலம் வளரும், நிற்கும், பிறகு உதிரும். சாதாரண முயலின் முடி ஏறக்குறைய 5 வாரம் வளர்ந்து நின்றுவிடும். அங்கோரா முயலுக்கு அது 14 வாரம் வரை வளர்ந்துகொண்டே போகும். வளரும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 'போதும், நிறுத்து' என்ற கட்டளைதான் தாமதமாக வருகிறது.

அந்தக் கட்டளையைக் கொடுப்பதில் எஃப்ஜிஎஃப்5 என்ற மரபணுவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அது பழுதானால் முடி நீண்டுவிடும். எலி, பூனை, நாய், முயல் என்று பல இனங்களில் நீள முடிக்கும் இந்த மரபணுவுக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூட எலிகளில் இதே பழுது உள்ள வகைக்கு அங்கோரா எலி என்றே பெயர்.

முயல் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் செய்தி இருக்கிறது. இந்தக் குணம் ஒடுங்கு குணம். அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டிக்கு நீள முடி. அங்கோரா ஆணை நாட்டு வெள்ளை முயலோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகள் எல்லாமே குட்டை முடியோடுதான் இருக்கும். 'அங்கோரா கிராஸ், கம்பளியும் கிடைக்கும், கறியும் கிடைக்கும்' என்று யாராவது குட்டி விற்றால் பணத்தை எடுக்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முயல் கம்பளிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது மென்மை. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கோராவின் அடிமுடி, அதாவது மேல்முடிக்குக் கீழே இருக்கும் மென்முடி, 11 முதல் 15 மைக்ரான் வரை. இழையின் தடிமன் 30 மைக்ரானைத் தாண்டினால் தோலில் குத்த ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் குறும்பை, திருச்சி கருப்பு மாதிரியான நம் செம்மறிகள் தரும் முரட்டுக் கம்பளி ஏன் உடம்பில் உறுத்துகிறது என்பதற்கும் இதுதான் விடை. அதன் வேலையே வேறு: போர்வை, விரிப்பு, மழைக்குத் தலையில் போடும் கொங்காடை.

இரண்டாவது எடை. முயல் முடியின் நடுவில் வரிசையாகக் காற்றறைகள் இருக்கின்றன. அதனால் அதே அளவு செம்மறிக் கம்பளியைவிட எடை குறைவு. சூட்டையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மூன்றாவது, பின்னிய பிறகு துணியின் மேல் எழும் மெல்லிய பஞ்சுப் படலம். புகைப்படத்தில் பார்த்தாலே தொட்டுப் பார்க்கத் தோன்றும். வாங்குபவர்களில் பாதிப் பேர் மயங்குவது இதில்தான்.

'ஆட்டுக் கம்பளியைவிட ஏழு மடங்கு சூடு' என்று விளம்பரங்களில் வரும். அதை நம்பி எடுக்க வேண்டாம். துணி எவ்வளவு சூடாக இருக்கும் என்பது நூலின் தடிமன், பின்னலின் நெருக்கம், உள்ளே தங்கும் காற்று எல்லாம் சேர்ந்த விஷயம். மடங்குக் கணக்கு வியாபாரப் பேச்சு.

அப்படியானால் நூறு சதவீத அங்கோரா ஸ்வெட்டர்தானே சிறந்தது?

இல்லை. செம்மறி முடியில் இயற்கையாகவே சுருள் உண்டு. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். முயல் முடியில் அந்தச் சுருள் மிகக் குறைவு, மேற்பரப்பும் வழுக்கும். தனியாக நூற்றுப் பின்னினால் இழைகள் நழுவிக்கொண்டே இருக்கும், முழங்கைப் பக்கம் தொளதொளவென்று தொங்கிவிடும். அதனால்தான் மெரினோ கம்பளி, நைலான் இவற்றோடு கலந்து நூற்கிறார்கள். கால்பங்கு அங்கோரா இருந்தாலே மென்மை தெரியும். கலப்பு என்பதாலேயே மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

மொஹேர் எப்படிப்பட்டது?

அது வேறு ஜாதி. முயல் முடி மென்மைக்குப் பேர்போனது என்றால் மொஹேர் பளபளப்புக்கும் உறுதிக்கும். குட்டி ஆட்டின் முடி 25 மைக்ரானை ஒட்டி இருக்கும். வயதாக ஆக 35ஐத் தாண்டிவிடும். அதனால் முதல் ஒன்றிரண்டு கத்தரிப்புகளுக்குத்தான் நல்ல விலை. வருஷத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். மெல்லியது சால்வைக்கும் கோட்டுத் துணிக்கும் போகும். முரடானது சோபா விரிப்பு, கம்பளம், பொம்மைகளுக்குத் தலைமுடி என்று போகும். ஜெர்மனியின் பழைய டெடி கரடிகளின் தோல் பெரும்பாலும் மொஹேர்தான்.

இந்த ஆடு துருக்கியைவிட்டு வெளியேறிய கதை சுவையானது. ஒட்டோமான் ஆட்சியாளர்கள் இதை லேசில் வெளியே விடவில்லை. 1838இல் கர்னல் ஹெண்டர்சன் என்பவர் 12 கிடாய்களையும் ஒரே ஒரு பெட்டையையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார். இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: 12 கிடாய்களும் இனவிருத்திக்கு ஆகாதபடி முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தன. ஆனால் அனுப்பியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தப் பெட்டை சினையாக இருந்தது, வழியிலேயே குட்டி போட்டது, அதுவும் கிடாய்க்குட்டி! அங்கிருந்துதான் தென்னாப்பிரிக்க மொஹேர் தொடங்குகிறது என்பார்கள். பிறகு வேறு ஆடுகளும் போய்ச் சேர்ந்தன. இன்று உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி அந்த நாட்டிலிருந்து, முக்கியமாக வறண்ட கரூ மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. பக்கத்து லெசோத்தோவும் அமெரிக்காவின் டெக்சாஸும் அடுத்தடுத்துப் பேசப்படும் இடங்கள்.

கத்தரித்த புதிதில் குளிர் மழை பிடித்தால் இந்த ஆடுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். கரூ பண்ணைகளில் கத்தரிக்கும் நாளை வானம் பார்த்துத்தான் குறிப்பார்கள்.

பஷ்மினாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பஷ்மினா லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் 4,000 மீட்டருக்கு மேல் வாழும் சாங்தாங்கி வெள்ளாட்டின் அடிமயிர். மேலே முரட்டு நீள முடி, அதற்குள்ளே குளிர்காலத்தில் மட்டும் வளரும் பஞ்சு. வேனில் தொடங்கும்போது அந்தப் பஞ்சு தானே கழன்று வரும்; சாங்பா மேய்ப்பர்கள் அதைச் சீப்பால் வாரி எடுப்பார்கள். 12 முதல் 15 மைக்ரான். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் நூற்று, கையால் நெய்து, 16 மைக்ரானுக்கு மிகாமல் இருந்தால்தான் அந்த முத்திரை.

ஒரு காலத்தில் இந்த ஆட்டின் மதிப்பு என்ன என்பதற்கு 1846ஆம் ஆண்டு அமிர்தசரஸ் உடன்படிக்கையைப் பார்க்கலாம். காஷ்மீரைப் பெற்ற குலாப் சிங் வருஷாவருஷம் பிரிட்டிஷாருக்குச் செலுத்த வேண்டியது ஒரு குதிரை, மூன்று ஜோடி காஷ்மீர் சால்வை, அப்புறம் நல்ல ஜாதிச் சால்வை ஆடுகள் பன்னிரண்டு: ஆறு கிடாய், ஆறு பெட்டை.

ஷாதூஷ் என்று யாராவது ரகசியக் குரலில் காட்டினால் வாங்காதீர்கள். அது திபெத்திய மான் இனமான சிருவின் முடி. அந்த மானைக் கொல்லாமல் முடி எடுக்க முடியாது. இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

அங்கோரா முயலில் எத்தனை வகை?

பேர் தெரிந்தவை ஐந்து. ஆங்கில அங்கோரா அளவில் சிறியது. முகம், காது எல்லாம் முடி மூடியிருக்கும், கண் எங்கே என்று தேட வேண்டும். அழகுக்கு வளர்ப்பது, சிக்கும் அதற்குத்தான் அதிகம். பிரெஞ்சு அங்கோராவின் முகம் சுத்தமாக இருக்கும். முரட்டு முடி கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருப்பதால் சிக்கு குறைவு. புதிதாக வளர்ப்பவருக்கு இதுதான் தோது. சாட்டின் அங்கோரா முடியின் மினுமினுப்புக்காக உருவானது.

ஜெர்மன் அங்கோரா முழுக்க முழுக்க விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம். நன்றாகப் பராமரித்தால் ஒரு முயலே வருஷத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் தரும். ஆங்கில வகையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. ஐந்தாவதான ஜயன்ட் அங்கோரா, ஜெர்மன் இனத்தை வைத்து அமெரிக்காவில் உருவாக்கியது. எல்லா வகையிலும் ஆணைவிடப் பெட்டை கூடுதலாகக் கம்பளி தரும்.

முடியை எப்படி எடுக்கிறார்கள்? முயலுக்கு வலிக்குமா?

எடுக்கும் விதத்தைப் பொறுத்தது. இந்தக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியமானது என்பது என் எண்ணம்.

ஆங்கில, பிரெஞ்சு வகைகள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தாமாகவே முடி உதிர்க்கும். அந்தச் சமயத்தில் மடியில் வைத்து, கழன்று நிற்கும் முடியை விரலால் மெதுவாக வாங்கினால் கையோடு வந்துவிடும்; முயல் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஜெர்மன் இனம் அப்படி உதிர்க்காது. அதைக் கத்தரிக்கோலாலோ மின்கத்தரியாலோ கத்தரிக்கத்தான் வேண்டும். ஏறக்குறைய 90 நாளுக்கு ஒரு தடவை. முயலின் தோல் காகிதம்போல மெல்லியது, லேசாக இழுத்தாலே மேலே எழும்பும். அவசரப்பட்டால் தோல் அறுபடும்.

உதிராத முடியைப் பிடுங்கினால் அது சித்திரவதை, வேறு சொல் இல்லை. 2013இல் விலங்குநல அமைப்பான பீட்டா, சீனப் பண்ணைகளில் முயல்களைக் கட்டிவைத்து உயிரோடு முடி பிடுங்கும் காட்சிகளை வெளியிட்டது. முயல் கத்துவது கேட்கும். உலக அங்கோராவில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது என்பதால் அந்தக் காட்சி சந்தையையே உலுக்கியது. ஹெச்&எம் முதலான பல பெரிய துணி நிறுவனங்கள் அங்கோராவை நிறுத்தின; ஸாரா கடைகளை நடத்தும் இன்டிடெக்ஸ் 2015இல் கைவிட்டது. மொஹேருக்கும் 2018இல் இதேபோன்ற கண்டனம் வந்தது. 2020இல் பொறுப்பான மொஹேருக்கென்று ஒரு தரச்சான்று முறை தொடங்கப்பட்டது.

பிடுங்கினால் ஏன் லாபம் என்றால், வேரோடு வரும் இழை நீளமாகவும் நுனி கூராகவும் இருக்கும், பஞ்சுப் படலம் நன்றாக எழும். கத்தரித்ததில் நுனி மொட்டை. ஆகவே விலை மலிவாக, படலம் அதிகமாக இருக்கும் பொருளைக் கண்டால் சந்தேகப்படுங்கள். சின்ன அளவில் முயல் வளர்த்துத் தாமே நூற்கும் கைவினைஞர்களிடம் வாங்குவதே எனக்குச் சரியாகப்படுகிறது. எப்படி எடுத்தார்கள் என்று நேரே கேட்கலாம்.

முடியை எடுக்காமலே விட்டுவிட்டால்?

முயலுக்கு ஆபத்து. அது தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. நக்கும்போது முடி வயிற்றுக்குள் போகும். பூனையானால் உருண்டையாக வாந்தி எடுத்துவிடும். முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. முடி இரைப்பையில் தீவனத்தோடு சேர்ந்து கட்டியாகி, இரை எடுப்பது குறைந்து, புழுக்கை சிறுத்து, முத்துமாலைபோல முடியில் கோத்துக்கொண்டு வரும். அந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காய்ந்த புல் தாராளமாகக் கொடுப்பது, முடியை நேரத்துக்கு எடுப்பது, தினமும் வாரிவிடுவது: தடுக்க வழி இவ்வளவுதான்.

சிக்கு பிடித்தால் தோலுக்குக் காற்றுப் போகாது, ஈரம் தங்கும், சொறிப்பூச்சி வரும். சிக்கின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இன்னும் இறுகும். விரலால் பிரித்து, முடியாவிட்டால் வெட்டி எறியுங்கள். வாரத்தில் சில மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியாதவர்கள் இந்த முயலை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நல்லது.

இந்தியாவில் எங்கே வளர்க்கிறார்கள்?

இமயமலைப் பக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் குலு, மண்டி, காங்ரா, அப்புறம் உத்தராகண்ட், சிக்கிம். ராஜஸ்தானின் அவிகாநகரில் தலைமையகம் உள்ள மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் குலுவை அடுத்த கர்சாவில் ஒரு நிலையம் உண்டு. 1980களில் ஜெர்மன் அங்கோரா முயல்கள் அங்கே கொண்டுவரப்பட்டன. விவசாயிகளுக்குக் குட்டி கொடுப்பது, பயிற்சி தருவது எல்லாம் அந்த வழியில் நடந்தன. குலு சால்வைக் கடைகளில் அங்கோரா கலந்த சால்வை, மப்ளர் கிடைக்கும். சுற்றுலா போகும் நம்மவர்கள் வாங்கி வருவது பெரும்பாலும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் அங்கோரா முயல் வளர்க்கலாமா?

சமவெளியில் வேண்டாம். மதுரை, திருச்சி, சென்னை, எங்கேயும் வேண்டாம். முயலுக்கு வேர்க்காது; காதுவழியாகவும் மூச்சுவழியாகவும்தான் சூட்டை வெளியேற்றும். சாதாரண முயலே 30 டிகிரிக்கு மேல் போனால் திணறும், ஆண் முயலின் விந்து கெடும். அதன்மேல் ஒரு கம்பளிக் கோட்டையும் மாட்டி, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் என்ன ஆகும்? ஏசி போட்டு வளர்க்கலாம் என்பவர்கள் உண்டு. மின்தடை வரும் ஒரு மதியம் போதும்.

ஊட்டி, கொடைக்கானல் குளிர் ஒத்துவரும். ஆனால் அங்கேயும் மழையும் பனிமூட்டமும் நீளும் மாதங்களில் முடி ஈரம் வாங்கிச் சிக்காகும், சொறி வரும். கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, கம்பிவலைத் தளம் போட்டு, சாரல் அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானல் மன்னவனூரில் மேற்சொன்ன மத்திய நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. புல்வெளியில் மேயும் பாரத் மெரினோ செம்மறிகளைப் படமெடுக்கவே கூட்டம் வரும். அங்கே முயலும் வளர்க்கிறார்கள். ஆனால் வெள்ளை ஜயன்ட், சோவியத் சின்சில்லா என்ற கறி இனங்கள். 'மன்னவனூர் முயல்' என்று கேள்விப்பட்டு அங்கோரா தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

'முயல் வாங்குங்கள், கம்பளியை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம்' என்கிறார்களே?

கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2012 வாக்கில் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பது மறக்கக்கூடியதல்ல. அதே அச்சில் முயலுக்கும் அவ்வப்போது திட்டங்கள் முளைக்கும். குட்டி விற்பதில்தான் அவர்களுக்குக் காசு.

ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்தக் கம்பளியை எந்த ஆலை நூற்கிறது? கோவை, திருப்பூர் பக்கத்து ஆலைகள் முதன்மையாகப் பருத்தியைச் சுற்றி அமைந்தவை. வழுக்கும் முயல் இழையை நூற்க வேறு அமைப்பு வேண்டும். பத்து முயல் வைத்திருப்பவரிடம் சேரும் சில கிலோவை வாங்க வட இந்தியாவிலிருந்து யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். நீங்களே கையால் நூற்று, பின்னி, முடிந்த பொருளாக விற்கத் தெரிந்தால் கணக்கு வேறு.

தீவனமாக என்ன கொடுக்கலாம்?

காய்ந்த புல்தான் அடிப்படை. அதோடு குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் போன்ற பசுந்தீவனம். பிறகு அளவாக அடர்தீவனம். கம்பளி முழுக்கப் புரதம் என்பதால் கறி முயலைவிட இதற்குப் புரதம், குறிப்பாகக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் கூடுதலாக வேண்டும். முட்டைக்கோஸ் இலையை அள்ளிப் போட்டு வளர்ப்பது வயிற்றுப்போக்கில் முடியும்.

சவுண்டல் இலை, அதாவது சூபாபுல், நம் வேலியோரம் எல்லாம் கிடைக்கிறது, புரதமும் அதிகம். ஆனால் அதில் மைமோசின் என்ற பொருள் இருக்கிறது. அதிகம் தின்றால் முடி கொட்டும். வேடிக்கை என்னவென்றால், பிரான்சில் இதே மைமோசின் உள்ள ஒரு தீவனத்தைக் கொடுத்து அங்கோராவின் முடி தானாகக் கழலும்படி செய்து எடுப்பதுண்டு. அது அளவு தெரிந்து செய்யும் வேலை. வீட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம்.

நாஜிகளுக்கும் அங்கோராவுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மையா?

உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் எஸ்எஸ் படை வதைமுகாம்களில் அங்கோரா முயல் பண்ணைகளை நடத்தியது. ஆஷ்விட்ஸ், டாஹாவ், புகன்வால்ட் எல்லாம் அதில் அடக்கம். விமானப்படையினரின் உடுப்புக்கு உள்துணி, காலுறை என்று கம்பளி போயிற்று. முயல்களுக்குச் சுத்தமான கூண்டு, நல்ல தீவனம், வேளாவேளைக்கு வாரிவிட ஆள். அதே முகாம்களில் கைதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

நமக்கு இது தெரியவந்தது ஒரு ஆல்பத்தால். 1945இல் சிகாகோ ட்ரிப்யூன் நிருபர் சிக்ரிட் ஷுல்ட்ஸ், ஹிம்லரின் மலைவீட்டில் ஒரு புகைப்படத் தொகுப்பைக் கண்டெடுத்தார். அட்டையில் 'அங்கோரா' என்று பெயர், உள்ளே கொழுகொழு முயல்கள், ஒழுங்கான கூண்டுகள், விளைச்சல் அட்டவணைகள். இப்போது அது அமெரிக்காவின் விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறது. முயலின் மேல் பழி எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தபின் அவற்றை மறப்பது சிரமம்.

வாங்கும்போது அசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடியானால் விலங்கு முடி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் செயற்கை இழையான அக்ரிலிக். காகிதம் எரிவதுபோல எரிந்தால் மரக்கூழ் இழையான விஸ்கோஸ். இந்தச் சோதனை அவ்வளவுதூரம்தான் போகும். செம்மறியா முயலா என்று சொல்லாது. நுண்ணோக்கியில் வைத்தால் முயல் முடியின் காற்றறைகள் ஏணிப்படிபோல வரிசையாகத் தெரிந்துவிடும். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவது வெறும் வித்தை. மெல்லிய விஸ்கோஸ் சால்வையும் சமர்த்தாக நுழையும்.

அங்கோரா பூனையையும் இப்படி வாரிவிட வேண்டுமா?

அவ்வளவு வேண்டாம். துருக்கி அங்கோராவுக்கு அடிமயிர் அநேகமாகக் கிடையாது, அதனால் பாரசீகப் பூனை அளவுக்குச் சிக்கு விழாது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். வெள்ளை நிறமும் நீலக் கண்ணும் சேர்ந்த குட்டி என்றால் காது கேட்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு கண் மட்டும் நீலமாக இருந்தால் அந்தப் பக்கக் காது செவிடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அங்கோரா ஸ்வெட்டரை எப்படித் துவைப்பது? அலமாரியில் எப்படி வைப்பது?

அடிக்கடி துவைக்காதீர்கள், காற்றாட விட்டாலே போதும். துவைத்தால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் குழந்தை ஷாம்பு போட்டு, கசக்காமல் முக்கி எடுங்கள். அலசும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கொடியில் போட்டால் கை முழங்கால்வரை நீளும்.

போடுமுன் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் முடி உதிர்வது சற்றுக் குறையும் என்று பின்னல்காரர்கள் செய்வதுண்டு. கறுப்புக் கோட்டுக்குள் வெள்ளை அங்கோரா போட்டால் எதுவும் காப்பாற்றாது.

டொரண்டோவிலோ ஒஸ்லோவிலோ இருப்பவர்களுக்கு வருஷத்தில் ஆறு மாதம் உடம்பிலேயே இருக்கும். ஊருக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைப்பவர்கள்தான் பூச்சிக்குப் பறிகொடுப்பது. அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை, அதன் புழுதான் தின்கிறது. அதற்கு வியர்வையும் அழுக்கும் பட்ட கம்பளி மிகவும் பிடிக்கும். ஆகவே துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத பையில் போடுங்கள். அந்துருண்டையைத் துணியின்மேலேயே படும்படி வைக்க வேண்டாம். கடலோர ஊர்களில் பூஞ்சையும் வரும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து உதறிவிடுங்கள்.

வாஷிங் மெஷினில் போட்டுச் சுருங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியாது. சூடும் உலுக்கலும் சேர்ந்ததில் இழைகளின் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டுவிட்டன. லேசாகத்தான் சுருங்கியிருக்கிறது என்றால் தலைக்குப் போடும் கண்டிஷனரை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து அரை மணி ஊறவைத்து, ஈரத்தோடு மெல்ல இழுத்துப் பாருங்கள், ஓரளவு வரும். கெட்டியாகி அட்டையாகிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். அப்படி இறுகிய துணியை வெட்டினால் நூல் பிரியாது. கைக்குழந்தைக்குக் குல்லாயோ கண்ணாடி வைக்கும் உறையோ தைத்துக்கொள்ளலாம்.